திருவனந்தபுரத்தில் தொடங்கி, நெல்லை வழியாக நாகர்கோவிலுக்கு: டி.வி. இராமசுப்பையரும் தினமலரும் – ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டில் பேப்பரைக் கடைசிப் பக்கத்தின் அடியிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவோம். அப்பா நாகர்கோவில் வடசேரியில் பத்திரிகை ஏஜென்ட். விடியற்காலை நாலு மணிக்குக் கட்டு வந்து இறங்கும். சணல் கயிற்றை அறுத்து மேல்தாளை எடுத்ததும் அவர் தலைப்புச் செய்தியைப் பார்க்கமாட்டார். டார்ச் வெளிச்சத்தைக் கடைசிப் பக்கத்து அடிவரிக்குக் கொண்டுபோவார். பொடி எழுத்தில், அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், அச்சிட்ட இடம் இன்ன ஊர், இன்ன தெரு என்று ஒரு வரி இருக்குமே, அந்த வரி.

"எந்த ஊர்ல அடிச்சிருக்குன்னு பாரு மக்கா. அதப் பாத்தா எத்தன மணிச் செய்தி வரைக்கும் உள்ள வந்திருக்குன்னு தெரிஞ்சு போவும்" என்பார்.

அந்த வரி சும்மா போடுவதல்ல. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு நாளிதழுக்கும் அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அச்சிடும் ஊரோ வெளியிடும் ஊரோ மாறினால் பழைய உறுதிமொழி செல்லாது, புதிதாகக் கொடுக்க வேண்டும். 2023இல் புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வரும்வரை இதுதான் விதி. செய்தியில் தவறு வந்தால் நீதிமன்றப் படி ஏறவேண்டியதும் அந்த அடிவரியில் இருக்கும் ஆள்தான். நல்ல எழுத்துக்காரர்களை நாம் கொண்டாடுகிறோம். நல்ல வெளியீட்டாளர் என்று யாரையும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் மாவட்டத்திலிருந்து போன அப்படி ஒருவரைப் பற்றி, அந்த ஒற்றை வரியில் ஊர்ப்பெயர் மாறிய கதையை வைத்தே எழுதிப் பார்க்கிறேன்.

தினமலர் நாளிதழைத் தொடங்கிய டி.வி. இராமசுப்பையர். ஊரில் டி.வி.ஆர். என்றால்தான் தெரியும். பிறந்தது 1908 அக்டோபர் 2. தினமலர் முதல் இதழ் வெளியானது 1951 செப்டம்பர் 6, திருவனந்தபுரத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், 43 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. வியாபாரத்தில் இருந்தவர். நடுவயதில் கைக்காசைப் போட்டு நாளிதழ் தொடங்குவது அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, வீட்டில் ஒருவரும் நிம்மதியாகத் தூங்க முடியாத காரியம்.

பத்திரிகைக்காரனை நாடு கடத்திய நாடு

அவர் இறங்கிய இடம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சீமையின் தெற்குப் பகுதி. அச்சுக்கலை இங்கே புதிதல்ல. லண்டன் மிஷன்காரர்கள் 1820களின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் அச்சகம் நடத்தினார்கள். ஆனால் அச்சடித்து அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது வேறு விஷயம். 1910 செப்டம்பர் 26 அன்று 'சுதேசாபிமானி' பத்திரிகையின் அச்சகத்தைத் திருவிதாங்கூர் அரசு பூட்டிப் பறிமுதல் செய்தது. ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையை நாட்டைவிட்டே அனுப்பியது. பத்திரிகையின் உரிமையாளர் வக்கம் மௌலவி அச்சகத்தை இழந்தார். 1938இல் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் காலத்தில் 'மலையாள மனோரமா'வின் கதவு சாத்தப்பட்டது. அதுவும் குடும்பப் பத்திரிகைதான். நாடு விடுதலை அடைந்த பிறகே மறுபடி திறக்க முடிந்தது.

சி.பி. போய்விட்டார், மன்னராட்சியும் போய்விட்டது. ஆனாலும் 1951இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு, இந்த மாநிலத்தின் தெற்குத் தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று சொல்லும் தமிழர் பக்கம் நின்று நாளிதழ் நடத்துவது லேசான காரியமா? 1910உம் 1938உம் ஊர்ப் பெரியவர்கள் யாரும் மறந்திராத வருடங்கள்.

கோரிக்கை பழையது. 1945இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் உருவானது. பிறகு மார்ஷல் நேசமணி அதன் முகமானார். தினமலர் தொடங்கிய சில மாதங்களில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அந்தக் கட்சி சட்டமன்றத்தில் 8 இடம் பிடித்தது. நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் நேசமணி வென்றார். 1954 தேர்தலில் 8 என்பது 12 ஆனது. அதே வருடம் ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை. அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியாவே அமைச்சரவை விலக வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் வயதானவர்கள் 'வெடிவைப்பு' என்றால் அந்த நாளைத்தான் சொல்கிறார்கள்.

1955 செப்டம்பரில் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போகலாம் என்றது. தேவிகுளமும் பீருமேடும் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1, கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

ஏன் முதலில் திருவனந்தபுரம்?

நாகர்கோவில்காரர், நாகர்கோவில் மக்களின் கோரிக்கை, பிறகு ஏன் நாகர்கோவிலில் தொடங்கவில்லை? இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இதுதான். என் கணிப்பைச் சொல்கிறேன்.

அன்றைக்கு எங்கள் ஊர்க்காரருக்குத் தலைநகரம் என்றால் சென்னை அல்ல, திருவனந்தபுரம். கோர்ட்டுக்கும் செக்ரட்டேரியட்டுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிப் படிப்புக்கும் அங்கேதான் போக வேண்டும். சாலைக் கடைவீதியில் தமிழ் வியாபாரிகள், கோட்டைக்குள்ளும் கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள். சட்டமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது அன்று மாலையே கைக்கு வரும். நாகர்கோவிலில் இருந்தால் அது அடுத்த நாள் செய்தி.

அடுத்து, போக்குவரத்து. திருவிதாங்கூர் அரசின் பஸ் சேவை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கியபோது முதன்மையாக ஓடிய தடமே திருவனந்தபுரம்–கன்னியாகுமரிதான். நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று ஒரே சாலையில் ஊர்கள் மணிமாலை மாதிரி வரிசையாக வரும். இரவு அச்சடித்து விடியற்காலை வண்டியில் ஏற்றினால், கோரிக்கை எங்கே சூடாக இருந்ததோ அந்த ஊர்களின் வழியாகத்தான் கட்டு வந்தாக வேண்டும். நாளிதழ் நடத்துகிறவருக்கு இதைவிட நல்ல சாலை அமையாது.

மூன்றாவது ரயில். அச்சுத்தாள் கனமான சரக்கு, அந்தக் காலத்தில் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சரக்கு. இந்தியாவின் முதல் செய்தித்தாள் காகித ஆலையான நேபா ஆலை மத்தியப் பிரதேசத்தில் இயங்கத் தொடங்கியதே 1956இல்தான். திருவனந்தபுரத்துக்கு 1918இலேயே ரயில் வந்துவிட்டது. திருநெல்வேலிக்கு 1876இல். நடுவில் இருந்த நாகர்கோவிலுக்கு? 1979இல் திருவனந்தபுரம் பக்கமிருந்து வந்தது, 1981இல் திருநெல்வேலி பக்கமிருந்து வந்தது. இந்த இரண்டு வருடங்களையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வென்ற பிறகு வந்த சோதனை

சரி, கோரிக்கை வென்றுவிட்டது. 1956 நவம்பர் 1 எங்கள் மாவட்டத்துக்குத் திருநாள். ஆனால் அந்தப் பத்திரிகையின் வெளியீட்டாளர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். முந்தின நாள்வரை வாசகரும் அச்சகமும் ஒரே மாநிலத்தில். விடிந்தால் வாசகர் சென்னை மாநிலத்தில், அச்சகம் கேரளத்தில். அவர்களுடைய கலெக்டர் நாகர்கோவிலில், அமைச்சர்கள் சென்னையில். மாணவர் பரீட்சை முடிவு முதல் நெல் கொள்முதல் விலை வரை எல்லாம் இனி வேறு திசையிலிருந்து வரும். எந்த எல்லை மாற வேண்டும் என்று பத்திரிகை கேட்டதோ அந்த எல்லையே மாறிவந்து அதற்கும் வாசகருக்கும் நடுவில் நின்றது.

கோரிக்கைக்காகத் தொடங்கப்படும் பத்திரிகைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. கேட்டது கிடைத்ததும் எழுத விஷயம் இல்லை, வாங்குகிறவருக்கும் அவசரம் இல்லை. மரியாதையாகக் கடையைச் சாத்திவிட்டு, "நம் பணி முடிந்தது" என்று கடைசித் தலையங்கம் எழுதிவிடலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

டி.வி.ஆர். 1957இல் பத்திரிகையைத் திருநெல்வேலிக்குப் பெயர்த்துக்கொண்டு போனார். இந்த ஆய்வின் நடுப்புள்ளி என்று நான் எடுத்துக்கொள்வது இந்த ஒரு முடிவைத்தான். பெயர்த்துக்கொண்டு போவது என்றால் பெயர்ப்பலகையை மாற்றுவது அல்ல. ஈய எழுத்துகளைப் பெட்டி பெட்டியாகக் கட்ட வேண்டும். யந்திரத்தைக் கழற்றி ஏற்றி இறக்கி மறுபடி பூட்ட வேண்டும். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்களின் குடும்பங்கள் வருமா வராதா என்று பார்க்க வேண்டும். புது மாஜிஸ்திரேட் முன்னால் புது உறுதிமொழி. ஆறு வருடமாகக் கட்டி எழுப்பிய ஏஜென்ட் வரிசையில் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம். விளம்பரம் கொடுத்த சாலைக் கடைவீதிக்காரர் நெல்லையில் அச்சாகும் பேப்பருக்கு எதற்காக விளம்பரம் தரவேண்டும்?

ஏன் நாகர்கோவில் இல்லை, நெல்லை? ரயில் ஒன்று, வடக்கே விரியும் இடம் இன்னொன்று. நாகர்கோவிலில் அச்சடித்தால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலையும் கேரள எல்லையும். ஒரு சின்ன மாவட்டத்தின் வாசகரை மட்டும் நம்பி நாளிதழ் நடத்த முடியாது. நெல்லையிலிருந்தால் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எங்கள் ஊர், வடக்கே கோவில்பட்டி, கிழக்கே தூத்துக்குடி, மேற்கே தென்காசி, செங்கோட்டை. மனசு நாகர்கோவிலில் இருந்திருக்கும். கணக்கு நெல்லை என்றது. அவர் கணக்கைக் கேட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கணக்கைக் கேட்காத எத்தனையோ நல்ல பத்திரிகைகளின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது.

இழப்பு இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்துத் தமிழருக்குத் தங்கள் ஊரிலேயே அச்சான ஒரு தமிழ் நாளிதழ் கைவிட்டுப் போனது. எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட தேவிகுளம், பீருமேடு தமிழருக்கும் அது இன்னும் தொலைவாகிப் போனது. குமரி வென்ற கதையைச் சொல்லும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நெல்லைக்குப் போன பிறகு அவசரப்படவில்லை. 9 வருடம் ஒரே ஊர். 1966இல் திருச்சியில் இன்னொரு பதிப்பு. அதன்பின் 13 வருடம் கழித்து 1979இல் சென்னை, அடுத்த ஆண்டே மதுரை. நடுவில் இருந்த காலம் அச்சுத்தாளுக்கு ராஷன் இருந்த காலம். எந்த விலைக்கு எத்தனை பக்கம் தரலாம் என்று அரசே வரையறுத்த 1960ஆம் ஆண்டு ஆணை, புனேயின் 'சகால்' பத்திரிகை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் ரத்தானது. ஆனாலும் 1962 முதல் தாள் ஒதுக்கீடு அரசின் கையில்தான். கூடுதலாக ஓர் ஊரில் பதிப்பு தொடங்க வேண்டுமென்றால் தாளுக்கு எங்கே போவது என்பதுதான் முதல் கேள்வி. புகழூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1984இல். அந்த ஆண்டு ஜூலை 21 அன்று டி.வி.ஆர். காலமானார். வயது 75.

மகன் கையில் எழுத்து

குடும்பப் பத்திரிகையில் அடுத்த தலைமுறை என்ன கொண்டுவருகிறது என்பதுதான் பரீட்சை. அப்பா சேர்த்ததைக் காப்பாற்றினாலே போதும் என்று இருந்துவிடுவதும் உண்டு. டி.வி.ஆரின் மகன் இரா. கிருஷ்ணமூர்த்தி அப்படி இருக்கவில்லை. ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பழைய செப்புக்காசுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை 1980களில் அவர் படித்துச் சொன்னது, சங்ககால அரசர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சியானது. மத்திய அரசின் தொல்காப்பியர் விருதும் பெற்றார். 2021 மார்ச் 4 அன்று மறைந்தார்.

சீர்திருத்த எழுத்தை நாளிதழுக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இதை அச்சகத்துக்குள் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு எங்கள் ஊர் அச்சகம் ஒன்றுக்குப் போயிருக்கிறேன். கம்பாசிட்டர் நின்றபடியே வேலை செய்வார். எதிரில் சரிவாக மரத்தட்டு, அதில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் குழிகள், குழிக்கு ஒரு எழுத்து. இடது கையில் எழுத்தை வரிசையாக அடுக்கும் ஸ்டிக், வலது கை பார்க்காமலே குழிக்குப் போய் எழுத்தை எடுத்து அடுக்கும். எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். 'க' வந்தால் ஒரு எழுத்து, கால் வந்தால் பக்கத்தில் இன்னொரு எழுத்து. ஆனால் பழைய முறையில் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்து நிற்கும். ணா, றா, னா மூன்றுக்கும் கீழே சுழி. அவற்றைப் பிரித்துக் கோக்க முடியாது, தனித்தனியாக வார்த்த எழுத்து வேண்டும், தனித்தனிக் குழி வேண்டும். 'இல்லை' என்ற சொல் எத்தனை முறை வரும் ஒரு செய்தியில்? அந்தக் குழி காலியானால் கம்பாசிட்டர் கை நின்றுபோகும். மற்றொரு பக்கத்தை உடைத்து எழுத்தைப் பிரித்துப் போட்டால்தான் வேலை நகரும்.

பெரியார் 1935இலேயே குடிஅரசில் மாற்றிக் காட்டிய எழுத்துமுறை அது. தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணை போட்டு ஏற்றுக்கொண்டது. எங்கள் அப்பா கடைசிவரை கடன் நோட்டில் பழைய 'லை'தான் எழுதினார். அவர் விநியோகித்த பேப்பர்கள் எல்லாம் புதிய 'லை'க்கு வந்துவிட்டன. புதிய எழுத்தைத் தினந்தோறும் வீடு வீடாகப் பழக்கியதில் நாளிதழ்களுக்கும் பாடப்புத்தகத்துக்கும் சமபங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உரிமையாளரும் ஆசிரியரும் வெளியீட்டாளரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கும்போது நெல்லைக்குப் போவது போன்ற முடிவை ஒரே ராத்திரியில் எடுக்கலாம். கமிட்டி வேண்டாம், பங்குதாரர் கூட்டம் வேண்டாம். அதே காரணத்தால் "இந்தச் செய்தி வேண்டாம் ஐயா" என்று எழுந்து சொல்ல ஆள் இல்லாமல் போகும் ஆபத்தும் எல்லாக் குடும்பப் பத்திரிகைக்கும் உண்டு. நான் பார்த்தவரை, அப்படிச் சொல்லக்கூடிய பழைய உதவி ஆசிரியர் ஒருவரையாவது மதித்து வைத்துக்கொண்ட வீடுகள்தான் நல்ல பேப்பர் நடத்தியிருக்கின்றன.

கணவாயைத் தாண்டி வந்த கட்டு

அப்பாவின் காலத்துக்கு வருகிறேன். நெல்லையில் அச்சாகும் பேப்பர்கள் எல்லாமே ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித்தான் எங்களுக்கு வரவேண்டும், சுமார் 80 கிலோமீட்டர். ஆடி மாதம் அந்தக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்பது போய் நின்றவர்களுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் ஒருமுறை வண்டி வழியில் நின்றுபோய், கட்டு ஒன்பதரை மணிக்கு வந்தது. எந்தப் பத்திரிகை என்பது இங்கே வேண்டாம். ஓரம் முழுவதும் நனைந்திருந்தது. சைக்கிள் பையன்கள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அப்பாவும் நானும் லைன் லைனாகக் கொண்டுபோனோம். ஒழுகினசேரியில் ஒரு வீட்டு அம்மா வாங்கமாட்டேன் என்றுவிட்டார். "அண்ணாச்சி, ஒம்பது மணிக்கு மேல பேப்பர் எதுக்கு? ரேடியோவுலயே எல்லாம் கேட்டாச்சு." அவர் சொன்னதில் தப்பில்லை. விற்காததைத் திருப்பி எடுக்க அந்த நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைய நஷ்டம் முழுதும் அப்பா தலையில். மாதக் கடைசியில் கமிஷன் கணக்குப் போடும்போது அம்மாதான் அதைக் கண்டுபிடித்தார்.

அச்சிடும் ஊர் வாசகரின் ஊருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எங்களுக்குப் பத்திரிகைத் தர்மம் பற்றிய பேச்சல்ல, வீட்டுச் சாப்பாடு. அதனால்தான் 1957இல் டி.வி.ஆர். எடுத்த முடிவின் கனம் எனக்குப் புரிகிறது. வாசகரை விட்டுத் தள்ளிப்போய்விட்டது அச்சகம், அதை வாசகருக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தவர் அவர். அதற்காகச் சொந்த ஊரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

ரயில் 1979இலும் 1981இலும் வந்தது என்று சொன்னேன் அல்லவா. பிறகு ஆஃப்செட் யந்திரம், கணினியில் எழுத்துக்கோப்பு, பக்கத்தையே தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பும் வசதி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சின்ன ஊரில் தனிப்பதிப்பு போடும் செலவு கட்டுபடியாகும் நிலை வந்தது. 1996இல் தினமலர் நாகர்கோவிலில் பதிப்பு தொடங்கியது. திருவனந்தபுரத்தில் முதல் இதழ் வந்து 45 ஆண்டு. டி.வி.ஆர். மறைந்து 12 ஆண்டு.

அந்த நாட்களில் ஒரு விடியற்காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது. தாள் இன்னும் சூடாக, மை கையில் ஒட்டியது. அப்பா கயிற்றை அறுத்து மேல்தாளை எடுத்தார், டார்ச்சை அடிவரிக்குக் கொண்டுபோனார். ஊர்ப்பெயரைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாளை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்காமல் மடித்து, கடன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் "வெட்டூர்ணிமடம் லைனுக்கு நாப்பத்திரண்டு எண்ணு மக்கா" என்றார்.